நண்பர் வீட்டில் துக்கம் விழுந்தால்: முதல் மணி நேரத்திலிருந்து தலைத்திவசம் வரை கூட நிற்பதற்கான வழிகாட்டி

இரவு இரண்டரை மணிக்குப் போன் அடிக்கிறது. "அப்பா போயிட்டாருடா." அதற்கு மேல் அந்தப் பக்கம் பேச்சு வரவில்லை.

இந்த வழிகாட்டி அந்த இடத்தில் தொடங்குகிறது. தாயையோ தந்தையையோ இழந்தவருக்கு முதல் நாள் அழக்கூட நேரம் இருக்காது. டாக்டரைக் கூப்பிடுவது யார், பெட்டி எங்கே கிடைக்கும், யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும், எத்தனை மணிக்கு எடுப்பது, கையில் பணம் எவ்வளவு என்று கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். கூட வரும் நண்பர்களின் வேலை அந்தக் கேள்விகள் அவரிடம் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு இன்னொரு பாதி வேலை இருக்கிறது. பெரும்பாலான நட்புகள் அந்த இரண்டாம் பாதியில்தான் கோட்டை விடுகின்றன.

சடங்கு முறை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். அதில் நண்பர்கள் வாய் திறக்க வேண்டாம். பங்காளிகளும் பெரியவர்களும் சொல்வதே முடிவு. இங்கே சொல்வதெல்லாம் சடங்குக்கு வெளியே இருக்கும் வேலைகள், தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து.

போன் வந்த முதல் பத்து நிமிடம்

மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எங்கே இருக்கிறீர்கள், வீடா ஆஸ்பத்திரியா? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? டாக்டர் வந்து பார்த்துவிட்டாரா? "எப்படி ஆச்சு, நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு" என்ற கேள்வியை அப்போது கேட்காதீர்கள். அடுத்த இரண்டு நாளில் அதையே நூறு பேர் கேட்கப் போகிறார்கள்.

பிறகு ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "நான் கிளம்பிட்டேன். நீ யாருக்கும் போன் பண்ணாத, நான் பாத்துக்கறேன். வீட்டாளுங்க நம்பர் மட்டும் எனக்கு அனுப்பு." "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பது நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையை அது திரும்ப அவர் தலையிலேயே வைத்துவிடுகிறது.

கிளம்பும்போது எடுத்துப் போக வேண்டியவை: ரொக்கமாகப் பத்தாயிரம் ரூபாயாவது, அதில் பாதி நூறும் ஐம்பதுமாக (வேனுக்கும் பூவுக்கும் அந்த நேரத்தில் சில்லறை கிடைக்காது), இரண்டு போன் சார்ஜர், ஒரு நோட்டு, பேனா, டார்ச். வழியிலேயே இன்னும் இரண்டு நண்பர்களை எழுப்பிவிடுங்கள்.

மூன்று பேர், மூன்று இடம்

பத்து நண்பர்கள் வந்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிட மூன்று பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் வீடு ஓடும்.

ஒருவர் உள்ளே. நண்பர் பக்கத்திலேயே இருப்பவர். வேறு எந்த வேலைக்கும் எழுந்து போகக் கூடாது. நண்பர் பெண்ணாக இருந்தால் இந்த இடத்துக்கு ஒரு தோழிதான் சரி. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழும் இடத்துக்குள் ஆண் நண்பர்கள் அடிக்கடி போய் வர முடியாது.

ஒருவர் வெளியே. பந்தல், நாற்காலி, தண்ணீர், டீ, வண்டி நிறுத்துமிடம், வழி கேட்டு வரும் போன்கள் எல்லாம் இவர் பொறுப்பு.

ஒருவர் காகிதமும் பணமும். டாக்டர் சான்று, மயானப் பதிவு, செலவுக் கணக்கு. நோட்டின் முதல் பக்கத்திலிருந்தே தேதி, நேரம், யாரிடம், எவ்வளவு, யார் கொடுத்தது என்று எழுதி வர வேண்டும். பின்னால் அண்ணன் தம்பிகளுக்குள் செலவைப் பிரிக்கும்போது அந்த நோட்டு ஒரு மனக்கசப்பையே தடுத்துவிடும்.

நண்பர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். துக்கத்தில் இருப்பவரை அதில் சேர்க்காதீர்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். முதல் நாள் முழுக்கத் தூங்காமல் நின்றவர் மூன்றாம் நாள் படுத்துவிடுவார். மூன்றாம் நாளும் ஆள் வேண்டும்.

வீட்டில் உயிர் பிரிந்திருந்தால்

முதலில் ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்து, இறப்புக்கான காரணம் குறித்த மருத்துவச் சான்று தர வேண்டும். தொடர்ந்து வைத்தியம் பார்த்த டாக்டர் என்றால் எளிது. இறந்தவரின் பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். தெரியாத டாக்டர் வந்தால் அவற்றைப் பார்த்துத்தான் எழுதுவார். இந்தக் காகிதம் இல்லாமல் நகர்ப்புற மயானங்களில் உடலை ஏற்க மாட்டார்கள்.

கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, கைகால்களை நேராக்குவதை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். அதன் பிறகு உடல் விறைக்கத் தொடங்கும். இதை வீட்டுப் பெரியவர்கள் செய்வார்கள். அவர்கள் வந்து சேரவில்லை என்றால் நண்பர் கேட்டுவிட்டுச் செய்யலாம். மோதிரம், செயின், கம்மல் கழற்றுவதென்றால் வீட்டுப் பெண் ஒருவர் கண் முன்னால் கழற்றி, அப்போதே ஒரு கவரில் போட்டு, என்னென்ன என்று மேலே எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். நண்பர்கள் ஒருபோதும் நகையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

இறந்தவருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்களா என்று கேட்டு வைப்பது முக்கியம். தகன மேடைச் சூட்டில் அது வெடிக்கும். எரிப்பதற்கு முன் டாக்டரைக் கொண்டு எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் இது ஞாபகம் வராது.

ஆஸ்பத்திரியில் என்றால்

காகிதப் பொறுப்பாளர் அங்கே நேராகப் போக வேண்டும். இறப்புத் தகவல் படிவத்தில் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி நான்கும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அவசரத்தில் "கந்தசாமி" என்பதை "கந்தசுவாமி" என்று எழுதிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து வங்கியில் அந்த ஓர் எழுத்து நண்பரை நாலு தடவை அலைய வைக்கும். டிஸ்சார்ஜ் சீட்டுக்குப் பதிலாகத் தரும் இறப்புச் சுருக்கம், பில்கள், ஸ்கேன்கள் அனைத்தையும் வாங்கி ஒரே பையில் போடுங்கள்.

பில் பாக்கி இருக்கிறது என்பதற்காக உடலைத் தராமல் வைத்திருக்கக் கூடாது என்று நோயாளர் உரிமைச் சாசனம் சொல்கிறது. சண்டை போட வேண்டாம். நிர்வாக அலுவலரிடம் அமைதியாக இதைச் சொல்லி, பாக்கியை எப்போது கட்டுவோம் என்று எழுதிக் கொடுக்கலாம்.

108 ஆம்புலன்ஸ் இறந்தவரை ஏற்றாது. அரசு மருத்துவமனையில் இறந்தவர்களைக் கொண்டுசெல்ல இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. தனியார் வண்டி என்றால் ஏறுவதற்கு முன்பே கிலோமீட்டர் கணக்கு, காத்திருப்புக் கட்டணம், டிரைவர் படி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடியுங்கள்.

விபத்து, தற்கொலை, விஷம், காரணம் தெரியாத திடீர் இறப்பு இவற்றில் போலீசுக்குச் சொல்லாமல் உடலை நகர்த்தவே கூடாது. பிரேதப் பரிசோதனை முடிந்துதான் உடல் கிடைக்கும். அதுவும் பெரும்பாலும் பகல் நேரத்தில்தான் நடக்கும். எனவே "சாயந்திரம் நாலு மணிக்கு எடுக்கறோம்" என்று முன்கூட்டியே செய்தி அனுப்பிவிடாதீர்கள். பரிசோதனை அறிக்கை நகலுக்கும் எஃப்.ஐ.ஆர். நகலுக்கும் அப்போதே கேட்டு வையுங்கள். விபத்துக் காப்பீட்டுக்கு இரண்டும் தேவைப்படும்.

கண்தானம் பற்றி ஒரு வார்த்தை

கேட்பதற்குச் சங்கடமான விஷயம்தான். ஆனாலும் ஒரே ஒரு முறை, மெதுவாக, வீட்டில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவரிடம் கேட்கலாம்: "அப்பா கண் கொடுக்கறதப் பத்தி எப்பவாவது பேசியிருக்காரா?" வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். சரி என்றால் இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் உடனே அருகிலுள்ள கண் வங்கிக்கோ அரசு மருத்துவ உதவி எண் 104-க்கோ கூப்பிடுங்கள். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, கண்புரை ஆபரேஷன் செய்தவர் என யாரும் கொடுக்கலாம். அரை மணி நேர வேலை. முகம் விகாரமாகாது.

ஐஸ் பெட்டியும் பந்தலும்

ஐஸ் பெட்டி வந்து இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது பிளக். சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் பாயிண்டில் நேராக மாட்டுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் பெட்டி, இரண்டு ஃபேன், ஃபோகஸ் லைட் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. நாலு மணி நேரத்தில் ஒயர் சூடாகிக் கருகல் வாசனை வரும். மாலை, ஊதுபத்தி வாசனையில் அது யாருக்கும் தெரியாது. பெட்டியின் உடம்பு இரும்பு. கீழே தண்ணீர் சொட்டும். அழுகிறவர்கள் அதைக் கட்டிப்பிடிப்பார்கள். எர்த் உள்ள பாயிண்ட்தானா என்று உறுதி செய்து, பெட்டியில் கரண்ட் கசியவில்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே ஆட்களைப் பக்கத்தில் விடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் கம்ப்ரசரைத் தாங்காது. கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் இருந்தாலே கொஞ்ச நேரம் குளிர் நிற்கும்.

அடுக்குமாடி வீடு என்றால் பெட்டி லிஃப்டில் நுழையாது. தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடத்தில் வைக்க வேண்டி வரும். சங்கச் செயலாளரிடம் நண்பர்களில் ஒருவர் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வாடகை வீட்டில் உரிமையாளர் முகம் சுளித்தால் அந்தப் பேச்சும் நண்பர்களோடு முடிய வேண்டும். அப்பாவை எங்கே கிடத்துவது என்று கெஞ்ச வேண்டிய நிலை மகனுக்கு வரவே கூடாது.

நாற்காலி முதலில் ஐம்பது போதும். கூட்டம் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில் சுமார் நூறு டம்ளர் வரும். வெயில் காலம் என்றால் நூறு பேருக்கு மூன்று கேன் வைத்துக்கொள்ளுங்கள். டீ பத்து லிட்டர் என்பது நூறு சின்ன கப். பாதியைச் சர்க்கரை போடாமல் வாங்கி, சர்க்கரையைத் தனியாக வையுங்கள். துக்கத்துக்கு வருபவர்களில் வயதானவர்களே அதிகம். பல வீடுகளில் உடலை எடுக்கும் வரை அடுப்பு மூட்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டில் சொல்லியோ மெஸ்ஸில் வாங்கியோ இட்லி கொண்டுவர வேண்டியது நண்பர்கள்தான். வெளியூரிலிருந்து வந்திருக்கும் குழந்தைகளுக்குப் பாலும் பிஸ்கட்டும் தனியாக. அதை எல்லோரும் மறப்பார்கள்.

செய்தி சொல்லும் முறை

ஒரே செய்தி, ஒரே வாசகம். இறந்தவர் பெயர், வயது, ஊரில் அறியப்பட்ட பெயர் ("டெய்லர் கடை ராமசாமி" என்றால்தான் பலருக்குப் புரியும்), வீட்டு முகவரி, வரைபட இணைப்பு, எடுக்கும் நேரம், மயானம், தொடர்புக்கு வெளியே நிற்கும் நண்பரின் எண். துக்கத்தில் இருப்பவரின் எண்ணைப் போடாதீர்கள்.

ஆனால் சில பேருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லக் கூடாது. தாய்மாமன், இறந்தவரின் உடன்பிறந்தவர்கள், சம்பந்தி வீடு, பங்காளி வீட்டு மூத்தவர் இவர்களுக்குக் குரலில்தான் சொல்ல வேண்டும். முடிந்தால் வீட்டு ஆளே பேச வேண்டும். "எங்களுக்கு மெசேஜ்தானே வந்துச்சு" என்ற வருத்தம் இருபது வருஷம் கழித்தும் கல்யாண வீட்டில் பேசப்படும். எனவே நண்பரின் சித்தப்பாவையோ அத்தையையோ பக்கத்தில் உட்கார வைத்து, யார் யாருக்குக் குரலில் சொல்ல வேண்டும் என்று பட்டியல் எழுதி வாங்கி, நம்பரைப் போட்டு அவர் கையில் போனைக் கொடுங்கள்.

உள்ளே இருப்பவர் செய்வது

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தண்ணீரோ மோரோ. "சாப்பிடறியா" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். டம்ளரைக் கையில் கொடுங்கள், குடிப்பார்கள். நண்பருக்கோ, கணவரை இழந்த அம்மாவுக்கோ பிரஷர் மாத்திரை, இன்சுலின் இருந்தால் நேரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் இன்சுலின் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். போடாமலே விட்டால் இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் இருப்பார். டாக்டரிடம் போனில் கேட்டு அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"எப்படி ஆச்சு" என்று கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்வதும் இவரே. நண்பர் வாய் திறக்கும் முன் நீங்களே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்: "நேத்து ராத்திரி மூச்சுத் திணறல்னு சொன்னாரு, ஆஸ்பத்திரி போற வழியிலேயே போயிட்டாரு." ஒவ்வொரு முறையும் அந்த இரவை மறுபடி வாழ்ந்து காட்டும் வேலையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறீர்கள்.

சொல்லக் கூடாதவை சில உண்டு. "அழாத." "நீதான் தைரியமா இருக்கணும், அம்மாவ யாரு பாப்பா?" "வயசாயிடுச்சுல்ல, நல்ல சாவு." "அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழச்சிருப்பாரு." கடைசி வாக்கியம் கொடியது. அது ஆயுசுக்கும் மனதில் தங்கும். மூத்த மகனிடம் "தைரியமா இரு" என்று ஐம்பது பேர் சொல்லி, அவர் அழாமலே பதினாறு நாளும் ஓடிக் களைத்துப் போவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பின்கட்டில், மாடிப்படியில், எங்காவது பத்து நிமிடம் அவரைத் தனியாகக் கூட்டிப் போய் உட்கார வையுங்கள். நீங்கள் பேச வேண்டாம். தோளில் கை இருந்தால் போதும்.

மயானத்தில்

எரிவாயு தகன மேடையோ மின் மயானமோ, நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். டாக்டர் சான்று, இறந்தவர் ஆதார் நகல், கொள்ளி வைப்பவர் அல்லது மனு கொடுப்பவர் ஆதார் நகல் ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி கையில் இருக்கட்டும். வீட்டிலிருந்து கிளம்பும் சடங்குகளுக்கு எப்போதும் சொன்ன நேரத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகும். அதைக் கணக்கில் வைத்தே நேரம் கேளுங்கள். மயானத்தில் தரும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் நடந்த இறப்பைப் பதிய அது வேண்டும். அஸ்தி எடுக்க மறுநாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள்.

கிறிஸ்தவ வீடு என்றால் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ நேரம், கல்லறை அனுமதி, பெட்டி. முஸ்லிம் வீடு என்றால் ஜமாத்தே பெரும்பாலும் எல்லாவற்றையும் செய்துவிடும். அடக்கம் சீக்கிரமே நடக்கும் என்பதால் ஐஸ் பெட்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே பள்ளிவாசலில் கேளுங்கள்.

நண்பர் வெளிநாட்டில் இருந்தால் காத்திருப்பதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. அங்கே அவரோடு இருக்கும் நண்பர் பாஸ்போர்ட், விசா, டிக்கெட், கம்பெனி விடுப்பு நான்கையும் பார்த்து, விமானம் ஏறும்வரை தனியாக விடாமல் கூடவே இருக்க வேண்டும். இங்கே இருப்பவர் விமான நிலையத்தில் காத்திருக்க வேண்டும். அவர் வர முடியாமல் போனால் வீடியோ அழைப்பில் காட்டும்போது போனை நீங்களே பிடியுங்கள். அழைப்பு முடிந்ததும் அந்தப் பக்கம் யாராவது கூட இருக்கிறார்களா என்று உறுதி செய்யுங்கள். அடக்கத்துக்கு வர முடியாதவர்களின் துக்கம் வெகுநாள் ஆறாமல் கிடக்கும்.

இரண்டாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரை

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். எங்கே இறந்தாரோ அந்த ஊரில்தான் பதிவு, குடியிருந்த ஊரில் இல்லை. தேனிக்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தால் மதுரையில்தான். ஆஸ்பத்திரி இறப்பை ஆஸ்பத்திரியே தெரிவித்துவிடும். வீட்டில் என்றால் குடும்பத்தார் தெரிவிக்க வேண்டும்: கிராமத்தில் வி.ஏ.ஓ., நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளர். 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி. ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டும். சான்றிதழ் இணையத்தில் வந்ததும் பெயரையும் தேதியையும் சரிபார்த்து, பத்து பிரதி எடுத்து வையுங்கள்.

இறந்தவரின் போனை அணைக்காதீர்கள், சிம்மை ரத்து செய்யாதீர்கள். வங்கி, ஆதார், பி.எஃப்., காஸ் எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் வரும். ஆறு மாதமாவது ரீசார்ஜ் போட்டு வைக்க வேண்டும். ஏ.டி.எம். கார்டு வீட்டில் இருந்தாலும் அதில் பணம் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரிசுகளுக்குள் பிரச்சினை வந்தால் அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்பார்கள். செலவுக்குக் கை கடித்தால் நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒருவர் கணக்கில் போட்டு, மொத்தமாக, அடுத்தவர் பார்க்காத இடத்தில் கொடுங்கள். திருப்பித் தர வேண்டிய பணமா இல்லையா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

காகித வேலை: ஒரு சனிக்கிழமை, ஒரு பை

காரியம் முடிந்த அடுத்த சனிக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் உட்காருங்கள். பீரோவில் இருக்கும் காகிதங்களை எல்லாம் தரையில் பரப்பி வகை பிரிக்க வேண்டும். தனியாக இதைச் செய்ய உட்கார்ந்தால், அப்பாவின் கையெழுத்தில் "இ.பி. பில் கட்டியது" என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்ததும் அன்றைய வேலை நின்றுவிடும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் தொடரலாம்.

பாஸ்புக்கை ஒரு வருடம் பின்னோக்கிப் பாருங்கள். மே, ஜூன் வாக்கில் 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. 55 வயதுக்குள் இறந்திருந்தால் 2 லட்சம். 20 ரூபாய் கழிந்திருந்தால் சுரக்ஷா காப்பீடு. விபத்தில் இறந்திருந்தால், 70 வயது வரை, 2 லட்சம். இந்த இரண்டு வரியையும் கவனிக்காமல் பணத்தை விட்ட குடும்பங்கள் ஏராளம். வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு பி.எஃப். பணம், குடும்பப் பென்ஷன், 7 லட்சம் வரையிலான ஈ.டி.எல்.ஐ. காப்பீடு மூன்றும் தனித்தனி. மூன்றுக்கும் கேட்க வேண்டும். ஓய்வூதியர் என்றால் கருவூலத்துக்கோ வங்கிக்கோ உடனே தெரிவியுங்கள். இறந்த பிறகு வந்து விழுந்த பென்ஷனைச் செலவழித்தால் திருப்பிப் பிடிப்பார்கள்.

நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமையுள்ளவர், அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். இதை அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே நேரத்தில், சேர்த்து உட்கார வைத்துச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை வழியாக வட்டாட்சியரிடம் மனு. எல்லா வாரிசுகளின் ஆதாரும் வேண்டும். வண்டி இருந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற வேண்டும். பழைய, மறந்துபோன வைப்புக் கணக்குகளை ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் தேடலாம். ரேஷன் கார்டு, காஸ், மின் இணைப்பு எல்லாம் மெதுவாக ஆகட்டும். மாதத்துக்கு இரண்டு வேலை போதும். சொத்துப் பிரிப்பைப் பற்றி நண்பர்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். கேட்டால் நல்ல வக்கீலிடம் கூட்டிப் போங்கள்.

உறவுகள் கலைந்த பிறகு

பதினேழாம் நாள் காலை வீடு காலியாக இருக்கும். பந்தல் பிரித்த குழிகள் வாசலில் இருக்கும், வாடகைப் பாத்திரங்கள் போயிருக்கும். சாயந்திரம் ஆறரை மணிக்குத் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் அம்மா கதவைப் பார்ப்பார்.

அந்த ஆறரை மணிதான் உங்கள் நேரம். மூன்று நண்பர்கள் வாரத்தில் ஆளுக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் நேரில், இரண்டாம் மாதம் முதல் ஒரு நாள் நேரில், ஒரு நாள் போனில். இருபது நிமிடம் போதும். கையில் ஏதாவது வேலையோடு போங்கள்: கீரை வாங்கிக் கொடுப்பது, காஸ் புக் பண்ணுவது, அம்மாவைச் சர்க்கரை டெஸ்டுக்குக் கூட்டிப் போவது. சும்மா துக்கம் விசாரிக்கப் போனால் அவர் உங்களை உபசரிக்க வேண்டி வரும்.

இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "அப்பா போடற ஏலக்காய் டீ மாதிரி எங்கயும் குடிச்சதில்ல." பெயரை எடுத்தால் வருத்தப்படுவாரே என்று எல்லோரும் தவிர்ப்பார்கள். அந்தத் தவிர்ப்பில்தான் நண்பர் தனித்துப் போகிறார். உங்களிடம் இருக்கும் பழைய போட்டோ, வாய்ஸ் மெசேஜ் இருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆனால் முன்கூட்டிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பஸ்ஸில் போகும்போது திடீரென்று அப்பா குரல் கேட்டால் தாங்காது.

வேலைக்குத் திரும்பும் முதல் நாள் ஆபீஸில் ஒருவரிடம் முன்பே பேசி வையுங்கள். மதியம் கூட உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த வருடம் வரும் முதல் தீபாவளி, பொங்கல், அப்பாவின் பிறந்த நாள், பெற்றோரின் கல்யாண நாள் நான்கையும் இப்போதே உங்கள் போன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். பண்டிகை கொண்டாடாத வீட்டுக்குப் பலகாரம் கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்த வீட்டு வழக்கம். கேட்டுச் செய்யுங்கள். ஆனால் போகாமல் இருக்காதீர்கள். தெரு முழுக்கப் பட்டாசு வெடிக்கும் அந்தக் காலையில் அவர் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கும்.

எப்போது பயப்பட வேண்டும்

தூக்கம் வராதது, பசி இல்லாதது, திடீரென்று அழுவது, கோபப்படுவது, இறந்தவர் கூப்பிட்டது போலக் கேட்பது எல்லாம் முதல் சில மாதங்களில் இயல்பு. மாதங்கள் ஓடியும் குளிக்காமல், வேலைக்குப் போகாமல் கிடப்பது, தினமும் குடிப்பது, பொருட்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிப்பது, "நானும் அவர்கூடவே போயிடறேன்" என்ற பேச்சு, இவை வேறு.

அப்படிப்பட்ட பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு நினைக்கிறியா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாறாக, சொல்ல ஓர் இடம் கிடைக்கும். ஆமாம் என்றால் அன்றிரவு தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, இறந்தவரின் மீதி மாத்திரைகள் போன்றவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். மீதி மாத்திரைகளைக் காரியம் முடிந்த வாரமே எடுத்துவிடுவது எந்த வீட்டுக்கும் நல்லது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-உம் உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "டாக்டரப் பாரு" என்று சொல்லி அனுப்பாமல், ஓ.பி. சீட்டுப் போட்டு வரிசையில் கூட நில்லுங்கள்.

தலைத்திவசம்

வருடம் திரும்பும்போது இரண்டு நாள் வரும்: திதிப்படி ஒன்று, ஆங்கிலத் தேதிப்படி ஒன்று. சாமி கும்பிடுவதும் படையலும் திதியில் நடக்கும். அன்று வீட்டில் ஆள் இருப்பார்கள். சமையலுக்கு வாழை இலை, ஐயரையோ பூசாரியையோ கூட்டி வருவது போன்ற வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேதி அன்று யாரும் வரமாட்டார்கள். ஆனால் போனில் அந்தத் தேதியைப் பார்த்தவுடன் நண்பருக்கு அந்த இரவு இரண்டரை மணி ஞாபகம் வரும். முந்தின நாள் சாயந்திரமே கூப்பிட்டு, "நாளைக்கு ராத்திரி நான் உங்க வீட்லதான் சாப்பிடறேன்" என்று சொல்லி வையுங்கள்.